மிச்சம் வைக்கிற வீடு

பூவாயி வீட்டில் சோறு மிச்சமாகும். இதை அவள் எவரிடமும் மறைத்ததில்லை. மறைக்கிற சங்கதியா இது? சாயங்காலம் நாலு பேருக்கு உலை வைக்கும்போதே ஆறு பேருக்கு அரிசி போடுகிற கை அவளுடையது. தின்றது போக நிற்கும் சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால், விடிந்ததும் அவளும் புருஷன் செங்கோடனும் ஆளுக்கு ஒரு போசி கரைத்துக் குடித்துவிட்டு எஸ்டேட் வேலைக்குக் கிளம்புவார்கள். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகளுக்கும் அதுவேதான். அது வயிற்றில் இருந்தால் பகல் ஒரு மணிவரை சரிவில் நின்று காபிப் பழம் பறிக்கலாம், காது அடைக்காது. அரிசி கழுவிய தண்ணீரும் காய்த் தோலும் பக்கத்து வீட்டு சாந்தாமேரியின் மாட்டுக்கு. குப்பைக்கென்று அந்த வீட்டிலிருந்து ஒரு பருக்கை போனது கிடையாது.

"எங்க ஊட்ல எப்ப வந்தாலும் மிச்சமிருக்கும்" என்று சொல்வதில் பூவாயிக்கு ஒரு மிதப்பு உண்டு. வெள்ளக்கடைப் பக்கத்து எஸ்டேட் லைனில் வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள். நேரங்கெட்ட நேரத்தில் பசியோடு யார் வந்தாலும் பதினோரு வீட்டுக்காரர்களும் பூவாயி வீட்டைத்தான் கைகாட்டுவார்கள். அந்த மிதப்புதான் அவளைக் கவிழ்த்தது.

அந்த வருஷம் ஆவணியில் ஏற்காட்டில் ஏரிப் பக்கத்துப் பங்களா ஒன்றில் ஒரு புதிய அலுவலகம் திறந்தார்கள். 'மலை இல்லங்களில் உணவு வீணாக்கல் ஒழிப்பு மற்றும் நடத்தை மாற்ற இயக்ககம்' என்பது அதன் பெயர். பலகை நீண்டுபோய் இரண்டு ஜன்னல்களை அடைத்துவிட்டதால் உள்ளே பகலிலும் விளக்கு எரியும். இத்தனை பெரிய பெயர் யார் வாயில் நுழையும்? மலைச் சனம் அதை 'வீணாப்போன ஆபீசு' என்று சுருக்கிக்கொண்டது. பெயரிலேயே 'இல்லங்களில்' என்று இருந்தபடியால், ரிசார்ட்டுகளின் பின்வாசலில் தினமும் வண்டி வண்டியாகக் கொட்டப்படும் பிரியாணியும் இட்லியும் கேக்கும் இயக்ககத்தின் வரம்புக்குள் வரவில்லை. நல்லவேளை. வந்திருந்தால் வேலை அதிகமாகியிருக்கும்.

கணக்கெடுக்க வந்தது கீர்த்திகா என்ற பெண். சேலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் மலையேறி வருகிறவள், கையில் ஒரு டேப்லெட். வாசலில் நின்றே கேட்டாள்.

"ஏனுங்கம்மா, உங்க வீட்ல தினமும் சோறு மிச்சமாகுதுங்களா?"

"ஆகாம பின்ன? தெனமும் ஆகுமே சாமி."

"எவ்வளவு இருக்கும்?"

பூவாயி யோசித்தாள். ஆபீஸ் பெண் வந்து கேட்கிறாள், குறைத்துச் சொன்னால் வீட்டுக்குத்தானே இழுக்கு? "ஒரு ஒண்ணரைக் கிலோ சோறு நிக்கும் கண்ணு. ஒரம்பரைச் சனம் வந்தா நொம்பவே நிக்கும். நீயும் ரெண்டு வாய் சாப்ட்டுட்டுத்தான் போயேன்."

கீர்த்திகா டேப்லெட்டைப் பார்த்தாள். அதில் இரண்டே பொத்தான்கள் இருந்தன. ஒன்று 'உண்டது'. இன்னொன்று 'வீணானது'. மிச்சம் என்றால் உண்ணாதது. உண்ணாதது என்றால் இரண்டாவது பொத்தான். அழுத்தினாள். போகும்போது கதவில் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனாள். பரிசு கிடைத்திருக்கிறது என்று நினைத்து அதன்மேல் மஞ்சள் வைத்தாள் பூவாயி.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. மூத்த பிள்ளை படித்துக் காட்டினான். இந்த மலையிலேயே அதிகமாக உணவை வீணாக்கும் இல்லம் பூவாயியுடையது என்று கண்டறியப்பட்டுள்ளது. மூன்று மாதத்துக்குள் வீணாக்கலைப் பாதியாகக் குறைத்து, கதவில் பச்சை ஸ்டிக்கர் பெறாவிட்டால், அந்தக் குடும்பத்துக்குத் தேவைக்கு மேல் அரிசி போகிறது என்று கருதி, ரேஷன் அரிசியைப் பாதியாக வெட்ட மேலிடத்துக்குப் பரிந்துரைக்கப்படும்.

"பாதி அரிசியா?" என்றான் செங்கோடன். "பாதி அரிசி போச்சுன்னா மாசத்துல பதினஞ்சு நாள் நாம என்னத்தப் புள்ள திங்கறது?"

"இரு மாமா, அந்தப் புள்ளைக்கு என்னமோ புரியல. நான் நேர்ல போய்ச் சொல்லிப்போட்டு வந்தர்றேன்" என்றாள் பூவாயி. சொன்னால் புரிந்துவிடும் என்று அப்போது அவள் நம்பிக்கொண்டிருந்தாள், பாவம்.

அவள் போன அன்று இயக்ககத்தில் ஆய்வுக் கூட்டம். வீணாக்கலை எப்படி ஒழிப்பது என்று நாற்பது பேர் காலையிலிருந்து பேசிக்கொண்டிருந்தார்கள். கதவோரமாக நின்ற பூவாயிக்கு இயக்குநர் பாலகுமாரின் பேச்சு தெளிவாகக் கேட்டது.

"நண்பர்களே, மாற்றம் நம்மிடமிருந்து தொடங்க வேண்டும். என் வீட்டில் ஒரு பருக்கை வீணாவதில்லை. எப்படி என்று கேட்பீர்கள். என் வீட்டில் நான் சாப்பிடுவதே இல்லை. காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம், இரவில் ஒரு விருந்து. இந்த ஒழுங்கை ஏழை மக்களும் கடைப்பிடித்தால் அவர்கள் வீட்டிலும் எதுவும் வீணாகாது!"

கைதட்டினார்கள். தட்டிவிட்டு எழுந்து சாப்பிடப் போனார்கள். அரைமணி கழித்து அவர்கள் விட்டுப்போன மேசையைப் பூவாயி பார்த்தாள். ஒரு கடி கடித்த சமோசா, நக்கிவிட்டு வைத்த கேக், கறியை மட்டும் பொறுக்கிக்கொண்டு ஒதுக்கிய பிரியாணி, அதன் நடுவில் செருகிய சிகரெட் துண்டு, பிரிக்கவே பிரிக்காத பொட்டலங்கள் இருபதோ முப்பதோ. ஒரு ஆள் கறுப்புப் பையை விரித்துப் பிடித்து, எல்லாவற்றையும் கையால் வழித்துத் தள்ளிக்கொண்டிருந்தான். பிரிக்காத பொட்டலமும் எச்சிலும் ஒன்றாகவே போயின.

"ஏனுங்க, இதெல்லாம் மிச்சமில்லீங்களா?" என்று கேட்டேவிட்டாள்.

பல் குத்தியபடி வந்த பாலகுமார் நின்று அவளைப் பார்த்தார். "இது மிச்சமில்லம்மா. உபசரிப்பு."

"அந்தப் பிரிக்காத பொட்டலத்தையாச்சும் யாருக்காவது குடுத்தா..."

"குடுத்து, சாப்பிட்டு, ஏதாவது ஆனா? பொறுப்பு யாரு? வீணாப் போனா யாரும் பொறுப்பில்ல."

அவள் தன் சிவப்பு ஸ்டிக்கர் கதையைச் சொன்னாள். மிச்சம் வைப்பது விடிந்ததும் தின்னத்தான் என்றாள். டேப்லெட்டில் 'நாளைக்கு' என்று ஒரு பொத்தான் வைத்தால் போதும் என்றும் சொன்னாள். பாலகுமார் பரிவோடு தலையாட்டிவிட்டு, அவளை நடத்தை வடிவமைப்பாளர் மெல்வினிடம் அனுப்பினார். மனிதன் கை ஏன் சட்டிக்குப் போகிறது என்பதை வெளிநாட்டில் இரண்டு வருஷம் படித்துவிட்டு வந்தவர் மெல்வின். தன் சட்டிக்கு அவர் கை போனதில்லை. வீட்டில் சமையலுக்கு ஆள் உண்டு.

"நீங்க சொல்றத நாங்க நேர்ல சரிபார்ப்போம்" என்றார் மெல்வின்.

சரிபார்த்தார்கள். ஒரு சாயங்காலம் மெல்வினும் கீர்த்திகாவும் தராசோடு வந்து, மிச்சச் சோற்றை எடைபோட்டு, சட்டிக்கு அரக்கு வைத்து சீல் வைத்தார்கள். தண்ணீர் ஊற்றிய பிறகுதான் மூடோணும் என்று பூவாயி மன்றாடியதால் அதற்கு மட்டும் அனுமதி கொடுத்தார்கள். விடிந்ததும் வந்து சீலை உடைத்து மறுபடி எடைபோட்டார்கள். ஆயிரத்து நூறு கிராம் இருந்த சோறு இரண்டாயிரத்து அறுநூறு கிராம் ஆகியிருந்தது.

"ராத்திரியோட ராத்திரியா உங்க வீணாக்கல் ரெண்டு மடங்குக்கு மேல போயிருக்கு" என்றார் மெல்வின்.

"அட, அது தண்ணிங்க!"

"தண்ணி மட்டுமா? இதுக்கு நீங்க என்ன பேர் சொல்வீங்க?"

"நீராகாரமுங்க."

"பாருங்க, பேர்லயே ஆகாரம் இருக்கு. எழுதிக்கோ கீர்த்திகா." பிறகு குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டார். "புளிச்சுப்போயிருக்கு. கெட்டுப்போன உணவுன்னும் சேர்த்துக்கோ."

செங்கோடன் கெட்டுப்போன உணவில் ஒரு போசியை எடுத்து, உப்புப் போட்டுக் கலக்கி, அவர்கள் கண்முன்னாலேயே மடக்மடக்கென்று குடித்துவிட்டு வேலைக்குப் போனான். கீர்த்திகாவின் விரல் 'உண்டது' பொத்தான்வரை போயிற்று. தரவு பூட்டப்பட்டுவிட்டது என்றது டேப்லெட்.

அடுத்த வாரம் ஜீப்பில் சாமான்கள் வந்து இறங்கின. முதலாவது ஒரு நீலக் கூடை. வீணாகும் உணவை அதில் போட்டால் எடைபோட்டு, ஏற்காட்டுக்குச் செய்தி அனுப்பி, வாயைத் திறந்து பேசவும் செய்யும். இரண்டாவது ஒரு சட்டி, அளவுக்கோடு போட்டது; ஆக்கிய சோற்றின் எடையையும் அதுவே பதிந்துகொள்ளும். மூன்றாவது நாலு தட்டுகள். தட்டுக்கு நடுவில் ஒரு மேடு புடைத்திருந்தது. மேட்டின்மேல் கொஞ்சம் சோறு போட்டாலும் குவித்துப் போட்டதுபோல் தெரியும். கண் நிறைந்துவிட்டால் வயிறும் நிறைந்துவிடும் என்பது மெல்வினின் கண்டுபிடிப்பு. தட்டில் ஒரு பருக்கை இருக்கும்வரை ஓரத்தில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அதுவும் எடையோடு டேப்லெட்டில் தெரியும்.

"பழைய பாத்திரம் பழைய பழக்கத்தைத் தூண்டும்" என்று சொல்லி, பூவாயியின் சோற்றுச் சட்டி, போசி, தட்டு எல்லாவற்றையும் சாக்கில் கட்டி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மற்ற பதினோரு வீட்டிலும் இப்படித்தான் நடந்தது. சாந்தாமேரியின் மாட்டுக்குக் கழனித் தண்ணீர் ஊற்றுவதும் நிறுத்தப்பட்டது. வீட்டுக்கு வீடு அனுமதியில்லாமல் உணவுக் கழிவைக் கொண்டுபோவது குற்றமாம். "என் மாட்டுக்கு லைசென்ஸ் எங்கக்கா வாங்கறது?" என்று சாந்தாமேரி ஒவ்வொரு வாசலாக வந்து கேட்டாள். 

பூவாயி நீலக் கூடையைச் சுத்தமாகத் துடைத்து மூலையில் வைத்தாள். இரண்டு நாள் அது காலியாகவே இருந்தது. மூன்றாம் நாள் காலை கூடை பேசியது.

"வணக்கம். தரவு இல்லை. உணவு இடவும்."

அவள் திடுக்கிட்டுப் போனாள். "என்ன மாமா இது, குப்பைக் கூடை சோறு கேக்குது?"

"உணவு இடவும். உணவு இடவும்." சாயங்காலம்வரை விடவில்லை. மறுநாள் மெல்வினே வந்துவிட்டார். கூடை காலியாக இருந்தால், வேறெங்கோ கொண்டுபோய்க் கொட்டி மறைக்கிறார்கள் என்று பொருளாம். மறைத்தல் வீணாக்கலைவிடப் பெரிய குற்றம். பாதி அரிசி போகாது, மொத்தமும் போகும்.

"நாங்கதான் எதையும் கொட்டறதில்லையேங்க சார்!"

"அதாம்மா பிரச்சினை." மெல்வின் ஒரு ஆசிரியருக்குரிய பொறுமையோடு உட்கார்ந்தார். "நீங்க பாதியா குறைக்கணும். குறைக்கணும்னா முதல்ல முழுசா ஒண்ணு இருக்கணும். பூஜ்யத்துல பாதி எவ்வளவு? பூஜ்யம். அதை எங்க மென்பொருள் ஏத்துக்காது. அதனால முதல் மாசம் தினமும் ஒரு கிலோ சோறு கூடையில போடுங்க. ரெண்டாவது மாசம் அரைக் கிலோ. மூணாவது மாசம் நிறுத்திடுங்க. பச்சை ஸ்டிக்கர் வந்துடும், அரிசி தப்பிச்சிடும்."

"வீணாக்கக் கூடாதுன்னு சொல்லிப்போட்டு, கொட்டச் சொல்றீங்களே?"

"ஆரம்பத்துல கஷ்டமாதான் இருக்கும். பழகிடும். நடத்தை மாற்றம்னா அதானே?"

அன்று சாயங்காலம் பூவாயி ஒரு கிலோ சோற்றை ஆவி பறக்க ஆக்கி, கதவைச் சாத்திக்கொண்டு கூடைக்கு முன்னால் நின்றாள். திருடப் போகிறவளுக்குக்கூட அப்படி நெஞ்சு அடித்துக்கொள்ளாது. பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டிருந்தாள்; அவர்கள் பார்க்கக் கூடாது. கரண்டியால் அள்ளிப் போடக் கை வராமல், சட்டியோடு ஒரே கவிழ்ப்பாகக் கவிழ்த்தாள்.

"நன்றி. தாங்கள் உணவை வீணாக்கிவிட்டீர்கள். சிந்திப்பீர்" என்றது கூடை.

"சீ, கருமம் புடிச்ச கூடையே!" என்று கத்திவிட்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அருவருப்பு கூடையின்மேல் மட்டும் இல்லை, தன் கைமேலும் வந்தது. அந்தக் கையால் எடுத்து அன்று அவளால் ஒரு வாய்கூடத் தின்ன முடியவில்லை. செங்கோடனும் தின்னவில்லை. அவர்கள் தின்னாமல் விட்டதும் கூடைக்கே போயிற்று. அந்த வாரம் பூவாயி வீட்டின் தரவு மிகச் சிறப்பாக இருந்ததென்று மெல்வின் செய்தி அனுப்பினார்.

இப்படி ஒரு மாதம் கொட்டினாள். அடுத்த மாதம் பாதி கொட்டினாள். கொட்டிய அரிசியை ஈடுகட்ட, தெரிந்த கடையில் எல்லாம் கடன் சொல்லி அரிசி வாங்கினான் செங்கோடன். வாழ்நாளெல்லாம் ஒரு பருக்கை வீணாக்காத வீடு, வீணாக்கலை ஒழிப்பதற்காக ஒரு மூட்டை அரிசியைக் கொட்டித் தீர்த்தது. இதை இயக்ககம் தன் அறிக்கையில் 'மக்களின் ஆர்வமான பங்கேற்பு' என்று குறிப்பிட்டிருக்கிறது.

மூன்றாம் மாதம் அளவுச் சட்டியின் மாதம். கோட்டுக்கு மேல் ஒரு அரிசி விழுந்தாலும் மூடி பூட்டிக்கொள்ளாது, சோறு வேகாது. கோட்டுவரை போட்டால் நாலு பேருக்கு ஒரு வேளைக்குச் சரியாக இருந்தது, யாருக்கும் போதாமல் சரியாக இருந்தது. வழித்துச் சுரண்டினாலும் சட்டியில் ஒன்றும் நிற்காது. அதனால் விடிந்ததும் குடிக்க ஒன்றும் இல்லை. ஆளுக்கு ஒரு வரக்காப்பி.

அது பழம் பறிப்பு தொடங்கிய மாதம். வெறும் வயிற்றோடு சரிவில் ஏறி நின்றால் பத்து மணிக்கே பூவாயிக்கு மிளகுக் கொடியும் சில்வர் ஓக் மரமும் சேர்ந்து சுற்றின. ஒரு நாள் பழக்கூடையோடு உட்கார்ந்தே போனாள். எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் ஓடி வந்து தண்ணீர் கொடுத்துவிட்டு, "ஏம்மா, காலைல சாப்பிடலியா?" என்று கேட்டார்.

"சாப்ட்டா சிவப்புங்க" என்றாள் பூவாயி. 

தட்டைப் பற்றிச் செங்கோடன் ஒருமுறை மெல்வினிடம் நேராகவே சொன்னான். "கண்ணு நம்பிக்குதுங்க சார். வவுறு நம்பமாட்டேங்குது." வயிற்றுக்கான விழிப்புணர்வு முகாம் அடுத்த கட்டத்தில் வருகிறது என்றார் மெல்வின்.

எப்படியோ மாதம் முடிந்தது. கூடை ஒன்றும் கேட்காமல் இருந்தது. காலை உணவு வீணாக்கல் நூறு சதவீதம் ஒழிந்தது என்று இயக்ககம் அறிவித்தது. மலையிலேயே மோசமான வீடு மாதிரி வீடாகிவிட்டதால், வெற்றி விழாவை லைன் வாசலிலேயே நடத்துவதென்று முடிவாயிற்று. விழா முடிவில் கடைசித் தரவு எடுத்து, பூவாயி வீட்டுக் கதவில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டப்படும். அதோடு அறிக்கையும் அதே நிமிஷம் டேப்லெட்டிலிருந்து நேராக மேலிடத்துக்குப் போகும். பூவாயி நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். பச்சை ஒட்டிவிட்டால் அரிசி தப்பித்தது. பிறகு அந்தச் சட்டியைத் தூக்கிப் பரணில் போட்டுவிடலாம்.

விழா அன்று காலையிலிருந்து அடைமழை. பந்தல் ஒழுகியது. விருந்தினர்களுக்காக ஒரு ரிசார்ட்டிலிருந்து இருநூறு பேருக்குச் சாப்பாடு ஏற்றிக்கொண்டு கிளம்பிய வேன், பாதையில் பெரிய மரம் ஒன்று சாய்ந்து கிடந்ததால் அந்தப் பக்கமே நின்றுவிட்டது. பாலகுமார், மெல்வின், கீர்த்திகா மூன்று பேர்தான் முன்கூட்டியே வந்து சேர்ந்திருந்தார்கள். பாலகுமார் குடைக்குக் கீழே நின்று பன்னிரண்டு குடும்பங்களுக்கு முன்னால் பேசினார்.

"ஒரு காலத்தில் இந்த வீடுகளில் எப்போது வந்தாலும் சோறு இருக்கும். அவ்வளவு மோசமான நிலை! இன்று எந்த வீட்டைத் திறந்து பார்த்தாலும் ஒரு பிடி சோறு கிடையாது. இதுதான் நம் சாதனை. பசி என்பது பழைய காலத்துச் சிந்தனை. தேவை என்பதே புதிய சிந்தனை. தேவைக்கு மேல் ஒரு கவளம் உண்பவன் இன்னொருவன் கவளத்தைத் திருடுகிறான்!"

கைதட்ட ஆளில்லாததால் மெல்வின் தட்டினார். மணி இரண்டு ஆயிற்று. மூன்று ஆயிற்று. வேன் வரவில்லை. பாலகுமாரின் முகம் சுண்டிப்போயிற்று. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர். நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும். முதலில் மெல்வினை முறைத்தார். பிறகு ஒவ்வொரு வீடாக எட்டிப் பார்த்தார். பன்னிரண்டு சட்டியும் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன.

"என்னம்மா ஊர் இது?" என்று வெடித்தார். "ஒரு மனுஷன் பசின்னு வந்தா குடுக்க ஒரு பிடி சோறு இல்லையா? வீடுன்னு இருந்தா ரெண்டு வாய் மிச்சம் வெக்க மாட்டீங்களா?"

பூவாயிக்கு முகம் செத்துப்போயிற்று. அவர் சொன்னதில் இருந்த கூத்து அவளுக்கு உறைக்கவில்லை. தன் வாசலில் ஒருவர் பசியோடு நிற்கிறார், தன் சட்டி காலி என்பதுதான் உறைத்தது. இப்படி ஒரு நாளை அவள் வீடு கண்டதில்லை. "இருங்க சார், அரைமணி நேரம்" என்று உள்ளே ஓடினாள். டப்பாவில் மறுநாளைக்கான அரிசி இருந்தது. மொத்தத்தையும் களைந்து உலையில் போட்டாள். அளவுச் சட்டியில் இரண்டு தடவை ஆக்க வேண்டியிருந்தது. ஒரு பூண்டு ரசம், இரண்டு முட்டை, கொஞ்சம் ஊறுகாய். சாந்தாமேரி கொஞ்சம் மோர் கொண்டு வந்து கொடுத்தாள்.

பாலகுமார் சம்மணம் போட்டு உட்கார்ந்து தட்டைப் பார்த்தார். "இது என்ன தட்டு, நடுவுல கட்டி மாதிரி? இதுல எப்படிம்மா பிசையறது? நல்ல தட்டு இல்லையா?"

"சார், அது நம்ம வடிவமைப்பு" என்றார் மெல்வின் மெல்ல.

பாலகுமார் அதற்குமேல் பேசவில்லை. சாப்பிட்டார். மேட்டைச் சுற்றி ரசத்தைக் குளம் கட்டி, வழிய வழிய வாரி அடித்தார். மறுசோறு கேட்டார். மறுபடியும் கேட்டார். மெல்வினும் கீர்த்திகாவும் ஆளுக்கு ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டு, தட்டை வழித்து வைத்துவிட்டு எழுந்தார்கள். இரண்டு தட்டின் விளக்குகளும் அணைந்தன. மூன்றாவது மறுசோற்றில், மோர் ஊற்றிப் பிசைந்த பிறகு, பாலகுமாருக்கு வயிறு முட்டிக்கொண்டது. நீளமாக ஒரு ஏப்பம் விட்டார். பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. பக்கத்திலிருந்த சொம்பை எடுத்து, அந்தச் சோற்றின் மேலேயே கையைக் கழுவி, வாயையும் கொப்பளித்துத் தட்டிலேயே துப்பிவிட்டு, கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

மோரும் ரசமும் கை அழுக்கும் வாய்த் தண்ணீரும் கலந்து, மேட்டைச் சுற்றிப் பருக்கைகள் மிதந்தன. தட்டின் ஓரத்தில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பூவாயி அதையே பார்த்தபடி நின்றாள். அது அவளுடைய நாளைய சோறு. பிள்ளைகளுடைய சோறு.  "ஏனுங்க சார், வேண்டாட்டி முன்னாலயே சொல்லியிருக்கலாமுங்களே. தொடாம வெச்சிருந்தா புள்ளைங்க தின்னிருக்குமே" என்றாள்.

"அட, ரெண்டு பருக்கைம்மா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டப் போனார் பாலகுமார்.

"சார்" என்றாள் கீர்த்திகா. "கடைசித் தரவு எடுக்கணும். தட்டுல நானூறு கிராம் காட்டுது. உண்டதா, வீணானதா? எதை அழுத்தட்டும்?"

"சாப்பிட்டாச்சுன்னு போடு."

"விளக்கு எரியுது சார். தட்டு காலியானாத்தான் 'உண்டது' அழுந்தும்."

"அப்ப வீணானதுன்னு போடு. என்ன இப்ப?"

"போட்டா இந்த வீடு சிவப்பாயிடும் சார். இவங்க அரிசி போயிடும்." கீர்த்திகா மேலும் சொன்னாள். "மாதிரி வீடும் சிவப்புன்னு மேலிடத்துக்குப் போயிடும். நூறு சதவீதம்னு அறிக்கை ஏற்கெனவே அச்சடிச்சாச்சு. இன்னும் ஆறு நிமிஷத்துல தரவு தானா போயிடும் சார்."

பாலகுமாரின் ஒரு கால் செருப்பிலும் ஒரு கால் தரையிலுமாக நின்றது. "வெளியில கொட்டிட்டு வந்துடுங்க" என்றார்.

"ஆக்கின எடை சட்டியில பதிஞ்சிருக்கு சார்" என்றார் மெல்வின், தன் கண்டுபிடிப்பின் பெருமையை இந்த நேரத்திலும் அடக்க முடியாமல். "கூடைக்கோ வயித்துக்கோ போகலைன்னா 'மறைத்தல்'னு காட்டிடும். யாரும் ஏமாத்த முடியாத மாதிரி பண்ணியிருக்கேன்."

"யோவ்!"

அதுவரை ஒதுங்கி நின்ற செங்கோடன் நகர்ந்து வந்து வாசலை மறித்து நின்றான். அவனுக்குப் பின்னால் சாந்தாமேரி, அவளுக்குப் பின்னால் லைன் மொத்தமும் மழையில் நின்றது. 

பூவாயி குனிந்து, சிந்தாமல் தட்டை இரண்டு கையாலும் தூக்கினாள். பாலகுமாரிடம் போய் நீட்டினாள். 

"நீங்க வெச்ச சோறுங்க. எங்க ஊட்டு அரிசிங்க. முடிச்சுட்டுப் போயிருங்க சார்."

"நான் இதையா? இது... கை கழுவின தண்ணிம்மா!"

"உங்க கைதானுங்களே. உங்க வாயிதானுங்களே."

"அஞ்சு நிமிஷம் சார்" என்றாள் கீர்த்திகா.

பாலகுமார் மெல்வினைப் பார்த்தார். மெல்வின் கூரையைப் பார்த்தார். பாலகுமார் செங்கோடனைப் பார்த்தார். அவன் அசையவில்லை. வெளியே மழை கொட்டியது; மரம் விழுந்த பாதையில் ஜீப்பும் எங்கும் போக முடியாது. டேப்லெட்டில் நாலு நிமிஷம் என்று காட்டியது. இயக்குநர் மெல்லச் செருப்பைக் கழற்றினார். மறுபடி சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, தட்டின் விளிம்பில் வாயை வைத்தார். முதல் மடக்கில் தோள் குலுங்கியது.

பூவாயி எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஆயிரம் இருந்தாலும் தன் வீட்டில் சாப்பிடுகிற மனுஷன். உள்ளே எட்டி உப்பு டப்பாவை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

"சப்புனு இருக்கும் சாமி. ஒரு கல்லு உப்புப் போட்டுக் கலக்கிக் குடிங்க, எறங்கிரும்."